நால்வர் ஆடிய சதுரங்கம்

தேர், யானை, குதிரை, காலாள் என நாற்படையை வகுத்துக் கூறுவது நம் நாட்டு மரபு. அந்நால்வகைப் படையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது சதுரங்க விளையாட்டு. இன்று உலகெங்கும் அது இருவர் ஆட்டமாகவே விளங்குகின்றது. ஒருவர் வெள்ளைக் காய்களையும் மற்றவர் கருங்காய்களையும் வைத்துக்கொண்டு எதிரெதிரே அமர்கின்றனர். இடையிலே அறுபத்து நான்கு கட்டங்கள், பேச்சில்லை, மூன்றாமவருக்கு இடமும் இல்லை. ஆனால் இதே பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, நான்கு அரசர்களும் நான்கு சேனைகளும் மோத, நட்பும் பகையும் மாறி மாறி வர ஆடிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். இவ்விரண்டில் எது மூத்தது என்பதைப் பற்றி அறிஞர் நிகழ்த்திய நெடிய வழக்கும் இதனுள் அடங்கும்.

முதலில் பலகையைக் காண்போம். எட்டுக்கு எட்டாக வகுத்த கட்டப் பலகைக்கு அஷ்டாபதம் என்பது வடமொழிப் பெயர். சதுரங்கம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பலகை இருந்தது. பௌத்தர்களின் பிரமஜால சுத்தத்திலே, துறவியர் விலக்க வேண்டிய விளையாட்டுகளின் வரிசையில் எட்டு வரிசைப் பலகையும் பத்து வரிசைப் பலகையும் குறிக்கப்பெறுகின்றன. பதஞ்சலியின் மகாபாஷியமும் அஷ்டாபதத்தை அறியும். அக்காலத்தில் அதன்மேல் கவறு உருட்டிக் காய்களைச் சுற்றிவரச் செய்தனர். போர் ஆட்டம் அன்று அது. சில கட்டங்களில் குறுக்குக் கோடு கீறியிருப்பர். பிற்காலத்தில் சதுரங்கம் வந்து பலகையைத் தனதாக்கிக்கொண்ட பின்னரும், நம் நாட்டுப் பலகைகளில் அக்கோடுகள் அழியவில்லை. சதுரங்கத்தில் அவற்றுக்கு யாதொரு பயனும் இல்லை. குடியிருந்தவன் போன பின்னும் சுவரில் நிற்கும் ஆணி போல அவை தங்கிவிட்டன.

இருவர் ஆட்டத்திற்குரிய சான்றுகள் பழமையானவை. ஹர்ஷ மன்னனின் ஆட்சி கி.பி. 606 முதல் 647 வரை. அவனுடைய அவைப் புலவராகிய பாணர் தம் ஹர்ஷசரிதத்தில், அம்மன்னன் நாட்டில் சதுரங்கம் என்பது அஷ்டாபதப் பலகையில் மட்டுமே காணப்பட்டது எனச் சிலேடையாகப் புகழ்கின்றார். உடலின் நான்கு உறுப்புகளைத் துணிக்கும் கொடுந்தண்டனை அங்கே இல்லை என்பது அச்சிலேடையின் மறுபொருள். பலகையும் படையும் அதற்குள் ஒன்று சேர்ந்துவிட்டமை இதனால் தெளிவாகின்றது. பாரசீகத்துப் பழைய பஹ்லவி நூல் ஒன்று, இந்திய அரசர் ஒருவர் பாரசீகப் பேரரசன் அனுஷிர்வானுக்குச் சதுரங்கத்தைப் புதிர்போல் அனுப்பிய கதையைச் சொல்லும். அனுஷிர்வான் ஆண்டது கி.பி. 531 முதல் 579 வரை. கதை கதையாகவே இருக்கட்டும். அதில் வரும் காய்களின் கணக்கு நமக்கு வேண்டும். மரகதத்தால் பதினாறு, செம்மணியால் பதினாறு. இரண்டே நிறம், இரண்டே சேனை.

ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ருத்ரடர் என்னும் அலங்கார நூலார், காவியாலங்காரத்தில் குதிரைப் பாய்ச்சல், யானை நடை, தேரோட்டம் என்னும் முறைகளில் எழுத்துகளை அடுக்கிப் படிக்கும் சித்திரக் கவிகளை அமைத்தார். பலகையின் பாதியாகிய முப்பத்திரண்டு கட்டங்களில் ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் குதிரை முழுதும் சுற்றி வருகின்றது. காஞ்சிபுரத்துத் தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகரும் பாதுகா சகஸ்ரத்தின் சித்திர பத்ததியில் இக்குதிரைப் பாய்ச்சலைக் கையாண்டுள்ளார். காஷ்மீரத்துக் குதிரை காஞ்சி வரை பாய்ந்தது எனலாம்.

இனி நால்வர் ஆட்டத்திற்கு வருவோம். நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான வருணனை அயல்நாட்டார் ஒருவர் எழுதியது. குவாரிஸ்மில் பிறந்து, கஜினி மாமூதின் காலத்தில் இந்தியாவைப் பற்றி ஆராய்ந்து, சுமார் கி.பி. 1030-இல் தம் பெருநூலை முடித்த அல்பெரூனியே அவர். வானநூல், கணிதம், சமயம், அளவைகள் எனப் பலவும் பேசும் அந்நூலில், சதுரங்கத்திற்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கின்றார். இருவர் ஆட்டத்தை அவர் நன்கு அறிவார். அதில் இந்தியர் யானையை நடத்தும் முறை மட்டுமே அவருக்குப் புதுமையாகத் தோன்றியது. யானை நேர் முன்னே ஒரு கட்டம் செல்லும். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கட்டம் செல்லும். ஆக ஐந்து கட்டங்கள். நான்கு கால்களும் ஒரு துதிக்கையும் என்று இந்தியர் அதற்கு விளக்கம் கூறினராம். ருத்ரடரின் யானை நடையும் இதனோடு பொருந்துகின்றது. இதைக் காட்டிலும் அழகான ஆட்ட விதி ஒன்றை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு அவர், தம் நாட்டார் அறியாத ஓர் ஆட்டம் என்று நால்வர் சதுரங்கத்தை விரிக்கின்றார். பலகையின் நான்கு புறமும் நால்வர் அமர்வர். ஒவ்வொருவருக்கும் எட்டுக் காய்: அரசன், யானை, குதிரை, தேர் ஆகிய நான்கும் ஒரு வரிசை, அவற்றின் முன்னே காலாள் நால்வர். இரண்டு கவறுகளை முறைமுறையாக உருட்டுவர். ஒன்று விழுந்தால் காலாளோ அரசனோ நகரலாம்; இரண்டு விழுந்தால் தேர்; மூன்று விழுந்தால் குதிரை; நான்கு விழுந்தால் யானை. ஐந்தையும் ஆறையும் தனியாக எண்ணுவதில்லை. ஐந்து ஒன்றாகவும், ஆறு நான்காகவும் கொள்ளப்படும். அரசனுக்கு முற்றுகை கூறி விலகச் செய்யும் வழக்கம் இதில் இல்லை. ஏனைய காய்களைப் போல அரசனையும் வெட்டி எடுத்துவிடலாம்.

பந்தயக் கணக்கு சுவையானது. அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்கு 2, காலாளுக்கு 1 என மதிப்பு. ஓர் அரசனை வெட்டியவர் 5 பெறுவர். இருவரை வெட்டினால் 10. தம் அரசனை இழந்துவிட்ட நிலையில் மூவரையும் வெட்டினால் 15. ஆனால் தம் அரசன் உயிரோடிருக்க மற்ற மூவரையும் வெட்டியவருக்குக் கிடைப்பது 54. இந்த 54 எவ்விதக் கணித முறையிலும் வந்ததன்று, மக்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட எண் என்று அல்பெரூனி எழுதுகின்றார். நாம் சற்றே கூட்டிப் பார்ப்போம். ஒரு சேனையின் காய்கள் அனைத்தின் மதிப்பும் 5, 4, 3, 2, அவற்றோடு காலாள் நால்வருக்கு 4, மொத்தம் 18. மூன்று சேனைகளுக்கு 54! மூன்று அரசரையும் வீழ்த்தியவனுக்கு அவர்களுடைய சேனை முழுதும் சொந்தம் என்பதே கருத்துப் போலும். பூமியின் சுற்றளவையே கணக்கிட்ட பேரறிஞருக்கு இந்தச் சிறு கூட்டல் தப்பியது வியப்பே.

அல்பெரூனிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், வங்காளத்து நவத்வீபத்தில் வாழ்ந்த ஸ்மிருதி ஆசிரியர் ரகுநந்தனர் தம் திதிதத்துவத்தில் இவ்வாட்டத்தை மீண்டும் விரித்துரைத்தார். நாள், கிழமை, விரதம் கூறும் நூலில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று தோன்றும். ஐப்பசி நிறைமதி நாளாகிய கோஜாகரத்தன்று இரவு முழுதும் உறங்காதிருத்தல் வேண்டும். விழித்திருக்க ஆட்டம் வேண்டும் அன்றோ? அந்த வாயிலாகச் சதுரங்கம் தரும நூலுக்குள் நுழைந்துவிட்டது. யுதிஷ்டிரன் வினவ வியாசர் விடை கூறுவதாக அப்பகுதி அமைந்திருக்கின்றது. கவறாடி நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்ற அரசனையே மீண்டும் ஓர் ஆட்டத்தின் மாணவனாக அமர்த்திய துணிவை நாம் என்னென்பது!

இங்கே நிறங்கள் நான்கு: செம்மை, பசுமை, மஞ்சள், கருமை. மூலையில் நிற்பது தேரன்று, ஓடம். ஆறும் கால்வாயும் நிறைந்த நாட்டில் தேர் ஓடமாக மாறியது இயல்பே. ஓடத்திற்கு அடுத்துக் குதிரை, பின் யானை, பின் அரசன். கவறு நீண்டது, 2, 3, 4, 5 என்னும் எண்களே அதில் உண்டு. ஐந்துக்கு அரசனும் காலாளும், நான்குக்கு யானை, மூன்றுக்குக் குதிரை, இரண்டுக்கு ஓடம். யானை இக்காலத்துக் கோட்டைக் காய் போல நேராக எத்திசையிலும் ஓடும். ஓடம் மூலைவாட்டில் ஒரு கட்டம் தாண்டி இரண்டாவது கட்டத்தில் இறங்கும். மூன்று ஓடங்கள் அருகருகே வந்துவிட்ட வேளையில், நான்காம் ஓடத்தைக் கொணர்ந்து சதுரத்தை நிறைவு செய்பவர் மற்ற மூன்றையும் கவர்ந்துகொள்வார். பிருகந்நௌகா, அதாவது பெரும் ஓடம், என்று அதற்குப் பெயர். எதிர்க்கரை சேர்ந்த காலாள் சில விலக்குகளுக்கு உட்பட்டு, தான் சேர்ந்த கட்டத்துக்குரிய காயின் பதவியைப் பெறுவான்.

எதிரெதிரே இருப்பவர் நண்பர். பக்கத்தில் இருப்பவர் பகைவர். இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவதே முறை. ஆனால் விதிகளை ஊன்றிப் படிப்பார்க்கு இந்நட்பின் உண்மை புலனாகும். ஓர் அரசன் மற்றோர் அரசனுடைய இடத்தில் ஏறிவிட்டால் அவன் சிம்மாசனம் பெற்றான் என்பர். பகைவனின் சிம்மாசனம் ஏறினால் பந்தயம் கிட்டும். நண்பனின் சிம்மாசனத்தில் ஏறினாலோ இரு சேனைகளுக்கும் அவனே தலைவன்! நண்பனாக அமர்ந்தவர் அதன்பின் ஆட்டத்தில் வெறும் பார்வையாளர். இன்னும் மேலாக, தன் அரசனைக் காத்துக்கொண்டு மற்ற மூன்று அரசர்களையும் வெட்டுவதே சதுராஜி என்னும் முழு வெற்றி. அம்மூவருள் ஒருவன் தன் நண்பன் என்பதை நாம் மறத்தலாகாது. அர்த்தசாத்திரம் கூறும் அரசர் மண்டலத்தில், அண்டை நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன். இப்பலகையிலும் அதே அமைப்பு. அந்நட்பு எத்துணை நாள் நிலைக்கும் என்பதிலும் இரண்டும் ஒத்திருக்கின்றன.

ஆடுவோர் தொகை மாறினால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகின்றது என்பதைக் கணித அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். கவறில்லாத இருவர் சதுரங்கத்தில், வெள்ளைக்கு உறுதியான வெற்றி வழி உண்டு, அல்லது கருமைக்கு உண்டு, அல்லது இருவரும் தோல்வியைத் தவிர்க்க இயலும். இம்மூன்றில் ஒன்றே உண்மையாதல் வேண்டும் என்று ஸெர்மெலோ என்னும் ஜெர்மானியர் 1913-இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆடும்போது அத்தகைய உறுதி கூற இயலாது. யார் யாரோடு சேர்வர் என்னும் வினா எழுந்துவிடும். 1944-இல் நியூமனும் மார்கன்ஸ்டர்னும் ஆட்டங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் பெரும்பகுதி இக்கூட்டுச் சேர்க்கையை ஆராய்வதற்கே செலவாகியது. இருவர் ஆட்டத்தில் எதிராளியின் இழப்பு முழுதும் நமக்கு ஆதாயம். நால்வர் ஆட்டத்தில் நாம் பட்ட பாட்டின் பயனைக் கைகட்டி இருந்த மூன்றாமவர் அடைந்துவிடலாம். வலிமையுடையவனாகத் தோன்றுவதே அங்கு ஆபத்து. நடுத்தரமாகத் தோன்றி நின்று, பிறர் இளைத்தபின் எழுபவனே வெல்வான்.

இவ்விரு ஆட்டங்களுள் எது முந்தியது? இவ்வினாவை எழுப்பியவர் ஐரோப்பியர். 1790-இல் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ் இந்தியச் சதுரங்கம் பற்றிய தம் கட்டுரையில், ராதாகாந்தர் என்னும் பண்டிதர் தந்த நால்வர் ஆட்டச் செய்தியை வெளியிட்டார். பவிஷ்ய புராணம் அதற்கு மூலம் எனப்பட்டது. கம்பெனிப் படையின் காப்டன் ஹைரம் காக்ஸ், பர்மியரின் சதுரங்கத்தைப் பற்றி 1799-இல் எழுதிய கடிதத்தில், நால்வர் ஆட்டமே ஆதி ஆட்டம் என்று கூறினார். காக்ஸ் பஜார் என்னும் ஊர் இவர் பெயரால் வழங்குவதே. பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டங்கன் போர்ப்ஸ், 1860-இல் வெளியிட்ட சதுரங்க வரலாற்றில் அக்கருத்தைப் பெரிதாக வளர்த்தார். ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் நால்வர் கவறு உருட்டி ஆடினர். கவறாட்டத்தைத் தரும நூல்கள் தடுத்தமையால் கவறு கைவிடப்பட்டது. நண்பர் இருவரின் சேனைகள் ஒன்றாயின. இரண்டு அரசருள் ஒருவன் அமைச்சனாகத் தாழ்ந்தான். இவ்வாறு இருவர் ஆட்டம் பிறந்தது. இதுவே போர்ப்ஸின் கொள்கை.

கேட்பதற்கு இனிய கொள்கை. மறுப்பதும் எளிதன்று போல் தோன்றும். ஈரியானை, இரு குதிரை, இரு தேர் என எல்லாம் இரட்டையாக இருக்க, அரசன் மட்டும் ஒற்றையாக நிற்பானேன்? அவன் பக்கத்தில் அமைச்சன் நிற்பானேன்? அரசர் தம் நாட்டில் சூதை ஒழிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி விதிப்பதும் உண்மையே. ஆனால் அழகான விளக்கமும் மெய்யான வரலாறும் ஒன்றல்ல. போர்ப்ஸ் பழமைக்குச் சான்றாகக் கொண்ட புராணப் பகுதியை ஆராய்ந்தபோது அது ரகுநந்தனரின் திதிதத்துவத்தில் கிடைத்ததே அன்றி, பவிஷ்ய புராணத்தில் கிடைக்கவில்லை. ஐயாயிரம் ஆண்டு ஐந்நூறு ஆண்டாகச் சுருங்கிற்று. ஜெர்மானிய வடமொழி அறிஞர் வேபரும், டச்சு அறிஞர் வான் டெர் லிண்டேயும் 1870-களில் இதை எடுத்துக்காட்டினர். 1913-இல் முர்ரே என்னும் ஆங்கிலேயர் தொள்ளாயிரம் பக்கங்களில் எழுதிய சதுரங்க வரலாறு, இருவர் ஆட்டமே மூலம், நால்வர் ஆட்டம் அதிலிருந்து கிளைத்தது என்று நிறுவ முயன்றது. ஆக்ஸ்போர்டு அகராதியைத் தொகுத்த முர்ரேயின் மகன் அவர். சொற்களின் முதல் வழக்கைத் தேடிய தந்தையின் பொறுமை மகனிடமும் காணப்படுகின்றது.

நம் கருத்து யாது? இந்திய நாட்டின் பழமையை எவரேனும் உயர்த்திப் பேசினால் நமக்கு உவகை எழுதல் இயற்கை. ஐயாயிரம் ஆண்டு என்பது காதுக்கு இனிது. எனினும் பாணரும் பஹ்லவி நூலும் ருத்ரடரும் ஒரு பக்கம் நிற்க, நால்வர் ஆட்டத்திற்கு அல்பெரூனியே முதற்சாட்சியாக நிற்கும்போது, முந்தியது இருவர் ஆட்டம் என்று கொள்வதே நேர்மை. சான்று இன்மையே இல்லாமைக்குச் சான்றாகாது என்பாரும் உளர்; அவ்வாதத்தையும் நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் அது வழக்கைத் திறந்து வைக்குமே தவிர, தீர்ப்பை மாற்றாது. மேலும், பிந்தியது என்பதனால் நால்வர் ஆட்டத்தின் பெருமை குறைந்துவிடுவதும் இல்லை. இருவர் ஆட்டம் கையில் இருந்தும், இன்னும் இருவருக்கு இடம் பண்ணிக் கொடுக்க எண்ணியவர் யாரோ, அவர் விளையாட்டின் சுவையை நன்கு உணர்ந்தவர்.

கூட்டத்தோடு ஆடும் இவ்விருப்பம் முகலாயர் அரண்மனையிலும் காணப்பட்டது. சௌபட் என்னும் கவறாட்டத்தில் சில வேளை இருநூறு பேருக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர் என்றும், பதினாறு ஆட்டம் முடியாமல் எவரும் வீடு செல்ல இயலாது என்றும், பொறுமை இழந்தவர் ஒரு கிண்ணம் மது அருந்த வேண்டும் என்றும் அபுல் பஸல் அயினி அக்பரியில் எழுதுகின்றார். சந்தல் மண்டல் என்னும் ஆட்டத்தில் பதினாறு பேர் வட்டமாகச் சூழ்ந்து, ஆளுக்கு நான்காக அறுபத்து நான்கு காய்களை வைத்து ஆடினர். அக்பர் அதைப் பன்னிரண்டு வகையாக ஆடினாராம். விளையாட்டின் வழியே மனிதரின் திறத்தை எடைபோடுவது பேரரசரின் உள்நோக்கம் என்றும் அபுல் பஸல் சேர்த்துக் கூறுகின்றார். பதேபூர் சிக்ரி முற்றத்துக் கல்தரையில் வகுத்த பச்சீசிக் கட்டங்களை இன்றும் காணலாம். இவை சதுரங்கத்தின் இனம் அல்ல. எனினும் ஆட்டத்தைச் சுற்றி ஆட்களைப் பெருக்கும் ஆசை ஒன்றே.

ஐரோப்பாவில் நால்வர் சதுரங்கம் கவறின்றி மீண்டும் முளைத்தது. காப்டன் வெர்னி என்னும் ஆங்கிலேயர் 1885-இல் வெளியிட்ட நூலில் அதற்கு விரிவான விதிகள் உண்டு. அறுபத்து நான்கு கட்டப் பலகையின் நான்கு பக்கத்திலும் மும்மூன்று வரிசை கூட்டி, 160 கட்டங்களாக்கிச் சிலுவை வடிவில் அப்பலகையை அமைத்தனர். அதே வடிவப் பலகையில், ஒருவரை ஒருவர் முகம் காணாத நால்வர் நான்கு நாடுகளிலிருந்து கணிப்பொறி வழியே ஆடுவது இந்நூற்றாண்டின் வழக்கம். இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்தும் ஆடுவர். தனித்தனியே நின்றும் ஆடுவர்.

நம் நாட்டிலோ ரகுநந்தனர் விரித்த ஆட்டம் வழக்கொழிந்தது. ஆயினும் அதன் சுவடு ஒன்று மறையவில்லை. வங்காளத்துச் சிறுவர் இருவர் இன்று சதுரங்கப் பலகையை விரித்து அமர்ந்தால், நான்கு மூலையிலும் நிற்கும் கோட்டைக் காய்களை அவர்கள் நௌகா, ஓடம், என்றே அழைக்கின்றனர்.